இருட்டில் விட்ட இடது தாடை

முகம் வரைவதில் என்னை மிஞ்ச மரக்காணத்தில் ஆள் கிடையாது என்று எழுபதுகளில் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மரக்காணத்தில் முகம் வரைகிற வேறு ஆளே கிடையாது என்பது வேறு விஷயம். மெட்ராஸில் ஓவியம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, உரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். மாதா கோயில் தேருக்கு வருஷா வருஷம் வண்ணம் அடிப்பதும் நான்தான். வயது இருபத்தாறு. கோபம் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும். எழுத்தைக் கொஞ்சம் சாய்த்துப் போடச் சொன்ன ஒரு கடைக்காரரிடம், "அப்ப நீங்களே எழுதிக்குங்க" என்று பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனவன் நான்.

ஒரு சித்திரை மாதம், உப்பளத்தில் உப்பு வாருகிற ஒரு அக்கா என் கொட்டகைக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். முந்தானையால் முகத்தின் இடது பக்கத்தை மூடியிருந்தார். பின்னால் அவர் புருஷன், அதே உப்பளத்தில் மேஸ்திரி. மேஸ்திரியின் இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை.

"படம் போடறவரு நீங்கதானா தம்பி?"

"ஆமாக்கா. என்ன போர்டு?"

"போர்டு இல்ல. நான்தான்."

முந்தானையை விலக்கினார். இடது தாடையில் ஒரு கட்டி, மாவடு அளவைத் தாண்டி மாங்காய் அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாண்டியில் பெரியாஸ்பத்திரியில் காட்டி, வைகாசியில் ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தார்கள். கட்டியோடு அந்தப் பக்கத்துத் தாடை எலும்பையும் எடுக்க வேண்டும், உயிருக்குப் பயமில்லை, ஆனால் முகம் பழையபடி இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"உயிர் தங்கிடும். அது போதும் எனக்கு" என்றார் அக்கா. "ஆனா இவளுக்கு நாலு வயசு. அம்மா மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு இவளுக்கு மறந்துடக் கூடாது. அதுக்குத்தான்."

போட்டோ எடுத்துக்கொள்ளலாமே என்றேன். மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். ஸ்டூடியோக்காரன் விளக்கை நேராக முகத்தில் அடித்திருந்தான். கட்டிதான் பளபளவென்று நடுவில் இருந்தது.

"இது கட்டியோட போட்டோ" என்றார் அக்கா. "நான் அதுல ஓரமா நிக்கறேன்."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி முடிச்சுத் தர்றேன். யார் பாத்தாலும் உங்கள மட்டும்தான் பாப்பாங்க" என்று வாக்குக் கொடுத்தேன். எப்படி என்று யோசிக்கவே இல்லை. வாக்கை முதலில் கொடுத்துவிட்டு வழியைப் பிறகு தேடுவதுதான் என் பழக்கம். பெரும்பாலும் வழி கிடைத்திருக்கிறது.

காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, வச்சிரப் பசையும் வெள்ளையும் பூசிக் காயவைத்தேன். நாலே டியூப் எடுத்துக்கொண்டேன். வெள்ளை, காவி மஞ்சள், செங்காவி, கறுப்பு. வேறு வண்ணம் இல்லாமல் இல்லை, பெட்டி நிறைய இருந்தது. முகத்துக்கு இந்த நாலு போதும் என்பது என் கட்சி. பத்துக் கலரைப் பிதுக்கி வைத்தால் கை சும்மா இருக்காது, முகம் தேர்த் திருவிழா ஆகிவிடும். இந்த நாலும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. எப்படிச் சண்டை போட்டாலும் சாயல் விட்டுப்போகாது.

வீட்டில் வைத்து வரைந்தால் தெருவே வந்து வேடிக்கை பார்க்கும் என்பதால், உப்பளத்தில் சாக்குகள் அடுக்கி வைக்கும் கொட்டகையைப் பிடித்தோம். அக்கா விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்கி, பதினோரு மணிக்குக் கரையேறி, கைகால் கழுவி, நல்ல நீலப் புடவையைச் சுற்றிக்கொண்டு வருவார். ஆபீஸிலிருந்து ஒரு இரும்பு நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்த மறு நிமிஷமே இரண்டு காலையும் மேலே தூக்கி மடக்கிக்கொள்வார்.

"கால் அந்தரத்துல தொங்குது தம்பி. யாரோ புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குது."

"காலை நான் வரையப் போறதில்லக்கா. எங்க வேணா வச்சுக்குங்க, தலைய ஆட்டாம இருங்க."

முதல் நாளே நான் வண்ணம் கலக்கும் பலகையை எட்டிப் பார்த்தார்.

"நீலம் எங்க தம்பி?"

"வரும்."

"டப்பாவுலயே இல்லியே, எங்கேர்ந்து வரும்?"

புடவைக்கு அடியில் மஞ்சளும் காவியுமாகப் பூசி வைத்திருந்தேன். கறுப்பையும் வெள்ளையையும் கலந்து அதன் பக்கத்தில் ஒரு தீற்றுத் தீற்றினேன். பலகையில் அது வெறும் சாம்பல். மஞ்சளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் நீலமாகிவிட்டது.

"அடப்பாவி! கறுப்பக் காட்டி நீலம்னு ஏமாத்திட்டியே! ஏங்க, இங்க வந்து இந்த அநியாயத்தப் பாருங்க!"

அன்றிலிருந்து எனக்கு 'நீங்க' போய் 'நீ' வந்தது. எனக்கும் ஒரு அக்கா கிடைத்த சந்தோஷம்.

வெளிச்சம்தான் என்னோடு மல்லுக்கு நின்றது. மற்ற ஊரில் வெளிச்சம் மேலேயிருந்து வரும், தாடைக்கு அடியில் நிழல் விழும். உப்பளத்தில் அப்படி இல்லை. பாத்தியில் விளைந்து கிடக்கிற உப்பு முழுக்க வெயிலைத் திருப்பி அடிக்கும். தாடைக்கு அடியில்தான் அதிக வெளிச்சம். கட்டியை நிழலில் தள்ளி மறைத்துவிடலாம் என்று நான் நினைத்தது முதல் நாளே மண்ணாகப் போயிற்று. விடுவேனா? கோணிச் சாக்குகளை நனைத்து வாசல் முழுக்கத் தொங்கவிட்டேன். வலது ஓரத்தில் மட்டும் ஒரு முழம் இடைவெளி. உள்ளே வெளிச்சம் வடித்த கஞ்சித் தண்ணீர் மாதிரி மெதுவாக வந்து அக்காவின் வலது கன்னத்தில் இறங்கியது. இடது தாடை இருட்டோடு போய்விட்டது. வாக்கைக் காப்பாற்ற வழி கிடைத்துவிட்டது.

ஐந்து நாள் வரைந்தேன். அக்கா பாதி நேரம் தூங்கி விழுவார். "அக்கா!" என்று கத்தினால், "தூங்கலப்பா, கண்ணு மட்டும் மூடியிருந்துச்சு" என்பார். ஐந்தாம் நாள் திருப்பிக் காட்டினேன். மூக்கு, உதடு, காது, புடவைக் கரை எல்லாம் வெட்டி ஒட்டியது போலத் துல்லியம். மேஸ்திரி, "அச்சு அசல்" என்றார். அக்கா மட்டும் இழுத்தார்.

"நல்லாத்தான் இருக்குது..."

"என்னக்கா இழுக்கறீங்க?"

"இல்ல தம்பி, எலக்‌ஷன்ல ஓட்டு கேக்கறவங்க மாதிரி இருக்கறேன்."

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! போர்டு எழுதிப் பழகிய கை அப்படித்தான் கோடு கோடாகப் போட்டிருந்தது, அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. உண்மையைச் சொன்னால்தானே கோபம் வரும்? படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வேற ஆள வச்சுப் போட்டுக்குங்க" என்று கிளம்பிவிட்டேன். இரண்டு நாள் உப்பளத்துப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள், ஆஸ்பத்திரித் தேதிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது என்ற நினைப்பு உறுத்தியதில் நானே போனேன்.

கொட்டகையில் படம் இல்லை. வெளியே மேஸ்திரி சிரித்த முகமாக வந்தார்.

"வந்துட்டியாப்பா? நீ கோச்சுக்கினு போயிட்ட, வேலை நிக்கக் கூடாதேன்னு நானே காய வச்சுட்டேன். ஒரு வாரமாயும் பிசுபிசுன்னு இருந்துச்சு. கொட்டகைக்குள்ள காத்தே இல்லியே, எப்படிக் காயும்?"

வரப்பில், உப்புக் குவியல்களுக்கு நடுவே, உச்சி வெயிலில் என் படம் மல்லாந்து கிடந்தது. கடற்காற்று விசிறி விசிறி அடித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்காவின் முகம் முழுக்க உப்பு. ஈர எண்ணெயில் பொடி உப்பு, கன்னத்திலும் நெற்றியிலும் கண்ணிலும் சர்க்கரை தூவினது போல ஒட்டியிருந்தது.

"யோவ் மேஸ்திரி! இது என்ன உப்பா, கருவாடா? அறிவு இருக்குதாய்யா உனக்கு? ஆயில் பெயிண்ட் காய மாசக்கணக்காகும்யா!"

"உப்பே ரெண்டு நாள்ல காயுதேப்பா..." என்றார் அந்த மனுஷன், முகம் சுருங்கிப்போய். பத்துப் பதினைந்து வயது மூத்தவரை 'யோவ்' என்று கத்தியது இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயுள் முழுக்க ஈரமானதை வெயிலிலும் காற்றிலும் போட்டே காயவைத்த மனிதர். அவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

மேஸ்திரியின் பின்னால் நின்ற குழந்தை அழ ஆரம்பித்தது. சத்தம் கேட்டு, உப்பு வாருகிற பலகையைக் கையில் பிடித்தபடியே அக்கா வந்தார். குனிந்து தன் முகத்தைப் பார்த்தார்.

"உப்புதானே? இதுக்கா இவ்ளோ சத்தம்?"

நிழலில் குடிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல தண்ணீர். அங்கே எல்லாமே உப்புத் தண்ணீர், குடிக்கிற தண்ணீர் ஊருக்குள்ளிருந்து வண்டியில் வர வேண்டும்.

"அய்யோ அக்கா, ஊத்தாதீங்க! போயிடும்!"

"எண்ணெய் மேல தண்ணி ஒட்டுமாடா? வாய மூடிக்கினு சட்டத்தப் புடி."

பிடித்தேன். அவர் பாட்டுக்குப் பச்சைப் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவது போல மெல்ல மெல்ல ஊற்றினார். தண்ணீர் எண்ணெய்மேல் உருண்டு உருண்டு ஓடியது, உப்பு கரைந்து கூடவே போயிற்று. ஒரு குடம் முடிந்தபோது ஒரு கல் உப்புகூட மிச்சமில்லை. ஆனால் உப்பு இருந்த இடமெல்லாம் ஊசிக் குத்து மாதிரிக் குழி. கொட்டகைக்குக் கொண்டுபோய், ஈரம் வடிந்ததும் அகலமான உலர்ந்த பிரஷ்ஷால் அந்தக் குழிகளை லேசாக, மேலாகத் தடவி மூடினேன். தடவத் தடவ என் கோடுகளெல்லாம் கலைந்தன. கன்னத்தின் ஓரம் இருட்டுக்குள் கரைந்தது. இருட்டு கொஞ்சம் கன்னத்துக்குள் வந்தது. முகத்துக்கும் பின்னால் இருந்த சாக்குக்கும் நடுவில் காற்று இருப்பது தெரிந்தது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் படித்தும் என் கைக்கு வராதது அது. தற்செயலாக வந்ததுதானே என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வந்ததை இன்னதென்று கண்டுகொள்ளத் தெரிய வேண்டும், அதைத் திரும்பச் செய்யத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்தது. மிச்சமிருந்த எட்டு நாளில் ஏழு நாள், புடவை, கழுத்து, மடியில் கிடந்த உப்பு அரித்த கைகள் என்று படம் முழுவதையும் அதே மென்மைக்குக் கொண்டுவந்தேன். மேஸ்திரி தினமும் எனக்கு டீ வாங்கிவந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, டீயைக் குடித்தேன். அவருக்குப் புரிந்தது.

கடைசி நாள் அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆமா. இது நான்தான்" என்றார். குழந்தை, "அம்மா" என்று படத்தைக் காட்டியது. மார்கழியில் மெட்ராஸில் ஒரு கண்காட்சி நடக்கும், அதற்கு இந்தப் படத்தை அனுப்பினால் எனக்கு ஒரு வழி பிறக்கும் என்றேன். "நான் பொழச்சு வந்ததுக்கப்புறம் எடுத்துக்கினு போ" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை பாண்டி பஸ் ஏறினார்.

ஆடி மாதம் திரும்பி வந்துவிட்டார் என்று டீக்கடையில் மேஸ்திரி சொன்னார். "பொழச்சுட்டாப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பார்க்க வருகிறேன் என்றேன். போகவில்லை. ஊரில் ஒரே முக ஓவியன், ஒரு முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு போர்டு வேலை நிறைய இருப்பதாகச் சொல்லித் திரிந்தேன்.

ஐப்பசி மழையில் உப்பளம் முழுக்கத் தண்ணீராகிவிட்டது, வேலை இல்லை. ஒரு காலையில் அக்கா உரச் சாக்கில் படத்தைச் சுற்றிக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தார். கண்காட்சிக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று எனக்கு ஒரே குஷி.

"சொல்லியிருந்தா நானே வந்து எடுத்திருப்பேனேக்கா!"

அவர் முந்தானையை இறக்கினார். இடது பக்கம் தாடை இல்லை. கன்னம் உள்ளே விழுந்து, வாய் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு, காதுக்குக் கீழிருந்து கழுத்துவரை ஒரு தழும்பு. கண் மட்டும் அதே கண். பேச்சு குழறியது, ஆனால் நிதானமாகப் பேசினால் புரிந்தது.

நான் சாக்கைப் பிரித்தேன். படத்தில் உதட்டின்மேல் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. கன்னமெல்லாம் ரசத் திட்டு. எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது.

"எந்த மடையன் பண்ண வேலை இது?"

"உன் மருமகதான்" என்றார் அக்கா. "நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப அவ அத்தை இந்தப் படத்தக் காட்டிக் காட்டித்தான் சோறு ஊட்டுனாங்க. நான் வந்து மூணு மாசம் ஆவுது தம்பி. என் கையால ஒரு வாய் வாங்கல. என்னப் பாத்தா அத்தை பின்னால போய் ஒளிஞ்சுக்கறா. தட்ட எடுத்துக்கினு போய் இதுக்கு ஊட்டறா. இதான் எங்கம்மா, நீ போ அப்படிங்கறா."

பிரித்த சாக்கை நான் மடித்துக்கொண்டிருந்தேன்.

"படத்த ஒளிச்சு வச்சுப் பாத்தோம். ரெண்டு நாள் பட்டினி கெடந்தா. அதான் கொண்டாந்தேன். இருட்டுல விட்டியே, அந்தப் பக்கத்தையும் போடு. இப்ப எப்படி இருக்குதோ அப்படியே."

"முடியாதுக்கா. வேற படம் போடறேன். இதவிடப் பெருசா, புதுசா போட்டுத் தர்றேன்."

"வேற படம் போட்டா அது வேற பொம்பள. அவளுக்கு இவதான் அம்மா. இவதான் இப்படி ஆயிட்டான்னு அவ கண்ணால பாக்கணும்."

"என் கையில வந்த ஒரே நல்ல படம்க்கா இது. இந்த மாதிரி எனக்குத் திரும்ப வராது."

"தெரியும் தம்பி" என்றார். "எனக்கும் வராது."

பெட்டியைத் திறந்து அதே நாலு டியூபை எடுத்து வைத்தேன். குழந்தையையும் கூட்டிவந்தால்தான் வரைவேன் என்று மட்டும் சொன்னேன். அந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ, அதைப் பற்றி இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

மறுநாள் மேஸ்திரி குழந்தையைத் தூக்கிவந்து என் பின்னால் உட்காரவைத்தார். அது படத்தை மட்டுமே பார்த்தது, நாற்காலியில் இருந்தவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மழை வெளிச்சத்துக்குச் சாக்கு எதுவும் தேவைப்படவில்லை. சோற்றைச் சுரண்டி எடுத்து, துடைத்து, இடது பக்கத்து இருட்டில் எண்ணெயைத் தேய்த்துவிட்டு, காதோரத்திலிருந்து வெளிச்சத்தை உள்ளே இழுக்க ஆரம்பித்தேன்.

"அம்மாவ என்னா பண்ற?" என்று கத்தியது குழந்தை.

"ஆப்பரேஷன் பண்றேன்."

"வலிக்கும்!"

"வலிச்சுதான்னு எனக்குத் தெரியாது. அவங்களக் கேளு."

அது கேட்கவில்லை. ஆனால் முதல் தடவையாக நாற்காலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே திரும்பிக்கொண்டது.

இரண்டாம் நாள் தழும்பு. செங்காவியும் ஒரு சொட்டுக் கறுப்பும். ஓரத்தைக் கூர்மையாக விடாமல், உப்பு கற்றுக்கொடுத்தபடி உலர்ந்த பிரஷ்ஷால் கலைத்தேன். எதையும் மறைக்கவில்லை, எதையும் கத்தவும் விடவில்லை. குழந்தை படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தது. மதியம் ஆகும்போது, நாற்காலிக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டு கேட்டது.

"வலிச்சுதா?"

"வலிச்சுது" என்றார் அக்கா, அசையாமல். "இப்ப இல்ல."

மூன்றாம் நாள் கன்னத்துக் குழி. கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலை அங்கே வைத்தேன். மஞ்சள் பக்கத்தில் அது நீலமாகக் குளிர்ந்தது. அக்கா எட்டிப் பார்த்து, "இங்கயும் அதே ஏமாத்து நீலம்தானா?" என்றார். கோணலான வாயோடு சிரித்தார். அந்தச் சிரிப்பின் மிச்சத்தை உதட்டோரத்தில் பிடித்தேன். படம் முடிந்தது. முதலில் இருந்ததைவிட நல்ல படம். வாய்க்கொழுப்பில் சொல்லவில்லை, எனக்குப் படம் பார்க்கத் தெரியும். ஆனால் கண்காட்சிக்குக் கேட்க மனம் வரவில்லை. அந்த வருஷம் நான் மெட்ராஸுக்கு எதையும் அனுப்பவில்லை.

நான் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குழந்தை எழுந்துபோய், படத்தின் இடது கன்னத்தில், ஈரப் பெயிண்டில், ஒரு விரலை வைத்து அழுத்தியது. கத்த வாயெடுத்தேன். மேஸ்திரி என் தோளைப் பிடித்தார். குழந்தை அந்த விரலைப் பார்த்தது. நாற்காலியிடம் போய், அக்காவின் கன்னத்தில் அதே குழியில் வைத்தது. சாம்பல் அப்படியே ஒட்டிக்கொண்டது. அக்கா துடைக்கவில்லை.

தூக்குப் பாத்திரத்தைத் திறந்து மோர்ச்சோறு ஒரு வாய் உருட்டி நீட்டினார். குழந்தை ஒருமுறை படத்தைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் அம்மா பக்கம் திரும்பி வாயைத் திறந்தது.